அறுமீன் மங்கிய இரவு

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில், பெரு, பொலிவியா தேசங்களின் உருளைக்கிழங்குக் குடியானவர்கள், ஜூன் மாதக் கடைசியில், விடியுமுன் குளிரில் மலையேறி நின்று, நாம் கார்த்திகை என்றழைக்கும் நட்சத்திரக் கூட்டம் பிரகாசிக்கிறதா, மங்கியிருக்கிறதா என்று பார்த்து, மங்கியிருப்பின் மழை குறையுமெனக் கருதி விதைப்பைச் சில வாரங்கள் தள்ளிவைப்பது பல நூற்றாண்டு வழக்கம். இதை மூடநம்பிக்கையென ஒதுக்குவது சுலபம். நம் கிராமத்துக் கிழவர்களின் மழைக்குறிகளை நாமும் அப்படித்தானே ஒதுக்கினோம்! மானிடவியல் அறிஞர் பெஞ்சமின் ஆர்லவ் ஒதுக்கவில்லை. சீதோஷ்ண விஞ்ஞானிகள் இருவருடன் ஆராய்ந்து, எல் நினோ ஆண்டுகளில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகங்கள் உயரத்தே படர்ந்து அம்மீன்களை மங்கச் செய்வதையும், அவ்வாண்டுகளில் அங்கே மழை குறைவதையும் 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் எடுத்துக்காட்டினார். அக்கட்டுரையில் மானிடவியலாரின் பெயரே முதலில் நிற்கிறது.