எந்த மின்சார சைக்கிள் எந்த வீட்டுக்கு?



சூரத்துந் நஹ்லின் 7ஆவது வசனம் சுமை சுமக்கும் கால்நடைகளைப் பற்றிக் கூறுகிறது. அடுத்த வசனம் ஏறிச் செல்லும் பிராணிகளைக் குறிப்பிட்டு, நாம் அறியாதவற்றையும் அல்லாஹ் படைப்பான் என்று முடிகிறது. சுமை வேறு, சவாரி வேறு! மின்சார சைக்கிள் வாங்கப் போகும் பலர் மறப்பது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகு முதல் நோயாளி வரை சைக்கிளில்தான் போனார்கள். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் உண்டு. 2022இல் பெற்றோல் வரிசை அந்த நாட்களை மீண்டும் நினைவூட்டியது.

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். “ஒரு சார்ஜில் 40 ஓடும்” என்று கடைக்காரர் சொல்வது மேடு பள்ளமற்ற வீதியில், காற்றில்லாமல், ஒருவர் மட்டும் மிதித்துக்கொண்டே போகும் கணக்கு. பண்ணைப் பாலத்தில் சோழகக் காற்று வீசும் மாதங்களில் காலையில் காற்று தள்ளிவிடும், மாலையில் அதுவே எதிர்த்து நிற்கும். வீடு திரும்பும்போதுதான் பற்றரி இறங்கும்! தினமும் வேலைக்குப் போகிறவருக்குச் சொன்ன தூரத்தில் பாதியை நம்புவதே புத்தி.

பிள்ளையை மத்ரஸாவுக்கு ஏற்றிச் செல்லும் தாய்க்கு வேகம் தேவையில்லை. தாழ்ந்த சட்டம், இரு கால்களும் தரையில் எட்டும் இருக்கை, நல்ல பிரேக் வேண்டும். சங்கிலிக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்குப் பக்க வலையும் இல்லாத வண்டியை அபாயா அணிபவர் வாங்கவே வேண்டாம். பெண் சைக்கிள் ஓட்டலாமா என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று: ஒட்டகம் ஏறிய பெண்களில் சிறந்தோர் குறைஷிப் பெண்கள் என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியிலேயே ஹதீஸ் உண்டு.

மீன் பெட்டி, அரிசி மூடை ஏற்றுவோருக்கு மூன்று சக்கர வண்டி வசதிதான். ஆனால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானில் அதைப் படகில் தூக்கி ஏற்ற வேண்டுமே! மலிவான ஈய அமிலப் பற்றரிகள் நான்கு சேர்ந்தால் 16 கிலோ வரை வரும். அதே மின்சாரத்தைத் தரும் லிதியம் பற்றரி அதில் மூன்றிலொரு பங்கு எடைகூட இராது. விலை கூட, ஆயினும் பல மடங்கு காலம் உழைக்கும். கடல் கடப்பவர்கள் இதிலே சிக்கனம் பார்க்கக் கூடாது.

மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 36 வோல்ட், 10 அம்பியர் மணிப் பற்றரியை நிரப்ப அரை யூனிற் அளவே போதும். டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

பயப்பட வேண்டியது வட்டித் தவணைக்குத்தான். 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பி வந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வட்டிக்கு வண்டி எடுப்பதைவிட, சாதாரண சைக்கிளோடு இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். உறவினர் இருவர் கூட்டாக வாங்கினால், யார் எந்நாளில் எடுப்பது, பற்றரி மாற்றும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் உப்புக் காற்றில் வெளியே விடாமல், ஈரத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். எல்லோரும் உறங்கியபின் வாசற்கதவடியில் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். பற்றரி தீப்பற்றினால் வெளியேற வழி அதுதானே.