வெளியே சொல்லாத நோய்கள் – 11: ரிப்போர்ட் நார்மல், எரிச்சல் போகவில்லை

போன வாரம் சர்க்கரை நோயால் முன்தோலில் வரும் பூஞ்சைத் தொற்றைப் பார்த்தோம். அதற்குக் காரணம் தெரியும், தடவக் களிம்பும் இருக்கிறது. இந்த வாரம் பார்க்கப்போவது அவ்வளவு சுலபத்தில் பிடி கொடுக்காது.

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் கெலாந்தான் லேன். பால்வினை நோய்களுக்கான அரசு கிளினிக்கான டிஎஸ்சி பல ஆண்டுகளாக இயங்கிவந்த இடம் அது. அதற்கு முன் இந்த வேலையைப் பார்த்தது மிடில் ரோடு ஆஸ்பத்திரி. 1988-இல் மாண்டலே ரோட்டில் தேசிய சரும நிலையம் வந்தபோது அது மூடப்பட்டது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வெளிநாட்டுத் தொழிலாளர்களில் சிலருக்கு இந்த வழியெல்லாம் நன்றாகவே தெரியும். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வருவார்கள்.

கொனோரியா இல்லை, கிளமிடியா இல்லை, சிபிலிஸ் இல்லை, எச்ஐவி இல்லை என்று ரிப்போர்ட் வரும். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் சிறுநீர் கழித்த பிறகும் நுனியில் எரிச்சல் நிற்காது. விந்து வெளியேறினால் மறுநாள் வரை வலி. உட்கார்ந்தால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்தது போல இருக்கும். கவுன்டரில் காசு கட்டி வெளியே வரும்போதே, ‘டெஸ்ட் சரியா எடுக்கலையோ’ என்ற சந்தேகம் கிளம்பிவிடும்.

இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வொர்க் பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி, சிபிலிஸ் இரண்டும் உண்டு. கடன் வாங்கி விமானம் ஏறியவருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலே பிழைப்பைப் பற்றிய பயம். அதோடு, என்றோ ஒருநாள் போகக் கூடாத இடத்துக்குப் போன குற்ற உணர்ச்சியும் சேர்ந்தால் ஒவ்வொரு எரிச்சலும் தண்டனையாகத் தெரியும். இன்னொரு கிளினிக், இன்னொரு ஆன்டிபயாட்டிக் என்று அலைவார். ஊரிலிருந்து வெட்டைச் சூட்டுக்குச் சூரணம் வரும். ராத்திரியில் டெட்டால் ஊற்றிக் கழுவுவார். இதில் டெட்டால்தான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. நீர் கலந்தாலும் அந்த மென்மையான தோலை அது அரிக்கும். நோய் இல்லாத இடத்தில் புதிதாக ஒரு நோயை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

முதலில் பரிசோதனை முழுமையானதா என்று பார்க்க வேண்டும். உறவு கொண்ட சில நாளிலேயே எச்ஐவிக்கு ரத்தம் கொடுத்தால் அந்த முடிவை நம்ப முடியாது. ஆறு, ஏழு வாரமாவது கழிய வேண்டும். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற கிருமியை எல்லா இடத்திலும் வழக்கமாகத் தேடுவதில்லை. அதையும் கேட்டுவாங்கிப் பார்த்து இல்லையென்றால், கிருமி வேட்டையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏனென்றால் இந்த வலிக்கு மருத்துவத்தில் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் 1995-இல் புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தது. அதில் மூன்றாவது வகை, கிருமி இல்லாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லி வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த வகைதான். பக்கத்துப் பினாங்கில் 20 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்து, 2003-இல் வெளியான ஆய்வில் 8.7 சதவீதம் பேருக்கு இத்தகைய அறிகுறிகள் இருந்தன. ஒரு டார்மிட்டரி அறையில் பன்னிரண்டு பேர் என்றால் ஒருவராவது இருக்கக்கூடும். அவரும் வாய் திறந்திருக்க மாட்டார்.

வலி எங்கிருந்து வருகிறது? எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. பலரிடம் காண்பது தசை இறுக்கம். இடுப்பெலும்பின் அடியில் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கும் தசைகள் உள்ளன. பயந்தால் சிலருக்குத் தோள்பட்டை விறைக்கும். சிலருக்கு இந்தத் தசைகள். மாதக்கணக்கில் இறுகியே கிடக்கும் தசை, வலியைத் தான் இருக்கும் இடத்தில் காட்டாமல் குறியின் நுனியிலும் விதைப்பையிலும் காட்டும். அதனால்தான் எரிகிற இடத்தை எவ்வளவு சோதித்தாலும் அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை. வலி பயத்தைக் கூட்டும், பயம் தசையை மேலும் இறுக்கும்.

ஆன்டிபயாட்டிக்கின் கதை 2004-இல் வந்த ஓர் ஆய்வில் தெளிவானது. நாள்பட்ட வலி உள்ள 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ‘அந்த மாத்திரை போட்டப்ப நாலு நாள் நல்லா இருந்துச்சு அண்ணே’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த வலி தானாகவே கூடும், குறையும். சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. அதைக் கிருமி செத்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? இதே சிங்கப்பூரில் 1967 அக்டோபர் கடைசியில், தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆண்குறி உள்ளே சுருங்கி உயிர் போய்விடும் என்று வதந்தி பரவியது. ஆண்கள் குறியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பெரும்பாலோர் சீனர்கள். டாக்டர்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசி, அப்படிச் சுருங்காது என்று விளக்கியபின் கூட்டம் வடிந்தது. கோரோ என்று அதை மருத்துவ நூல்கள் இன்றும் பேசுகின்றன. விளக்கம் சொன்னதும் தீர்ந்தது என்றால் அது பயம். ஆனால் எரிச்சலோடு அலையும் நம்முடையவரிடம் ஆயிரம் தடவை ‘பயப்படாதீங்க தம்பி’ என்றாலும் இறுகிய தசை அதனால் மட்டும் தளர்ந்துவிடாது. மனசைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்புவதும், மறுபடி மாத்திரை எழுதுவதும் ஒரே அளவு தவறு என்பேன்.

தசையைத் தளர்த்தப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. யூராலஜி டாக்டரிடம் ‘கிருமி இருக்கா?’ என்று மறுபடி கேட்பதைவிட ‘இடுப்புத் தசை இறுகியிருக்கா, பார்க்க முடியுமா?’ என்று கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கெகல் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டாம். அது தசையை இறுக்கும் பயிற்சி. வயிறு உப்பும்படி ஆழ மூச்சு இழுப்பது, குந்தி உட்காருவது, வெந்நீரில் இடுப்பு அமிழ உட்காருவது ஆகியவை சிலருக்குச் சுகம் தரும். சீன மருத்துவத்தை நம்பலாமா என்றால், பினாங்கில் 89 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான அக்குபங்சர் ஆய்வில், உண்மையான ஊசி குத்திக்கொண்ட 44 பேரில் 32 பேருக்குக் குறைந்தது. போலி ஊசிக்கும் 45-இல் 21 பேருக்குக் குறைந்தது. நான் தடுக்க மாட்டேன், வாக்குறுதியும் தர மாட்டேன்.

காய்ச்சலோடு வலி, சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், விதையில் கட்டி என்று எது வந்தாலும் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் நேரே அவசரப் பிரிவு. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்றச் சுமார் ஆறு மணி நேரம்தான். சூப்பர்வைசர் எம்சி (மருத்துவச் சான்று) கேட்பாரே என்று காத்திருக்கக் கூடாது. டார்மிட்டரியில் இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரலில் வந்த அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் இருக்கிறது. அங்கே மனசு விட்டுப் பேசவும் ஆள் உண்டு.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: மனைவிக்கு ஒட்டிக்கொள்ளுமா? பரிசோதனைகளை உரிய காலத்தில் முழுமையாக எடுத்து எல்லாம் இல்லை என்று வந்திருந்தால், இந்தத் தசை வலி ஒட்டாது. விலகிப் படுக்க வேண்டியதில்லை.

(தொடரும்)