வெடிச் சத்தமில்லாத தீபாவளி

குன்றக்குடி மலை மயில் வடிவில் இருப்பதாகச் சொல்வார்கள். அடுத்த முறை அங்கே சண்முகநாதரைத் தரிசித்ததும், பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் சற்றுத் தூரம் போய்ப் பாருங்கள். நல்ல மழை பெய்த வருஷமானால், கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் ஆயிரக்கணக்கான பறவைகள் உங்களை வரவேற்கும்!

ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக் கால்வாய் வழியே ஓடிவரும் வெள்ளம் வண்டலும் சருகுமாகக் கண்மாயை நிரப்புகிறது. கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. சுற்றிலும் நீர், மேலே முள்; பூனையோ நரியோ கூட்டை நெருங்குமா? நத்தைகுத்தி நாரையும், கொக்கும், நீர்க்காகமும் நம்பிக் குடியேறுகின்றன.

வாடகை பாக்கி வைப்பதில்லை! அவற்றின் எச்சம் நீரில் கரைந்து உரமாகிறது. அதனால் பாசி, பாசியால் புழுவும் மீனும், மீனால் மறுபடி பறவை. மடை வழியே வயலுக்கும் அந்த உரம் போகிறது. முறிந்து விழுந்த கிளைகூட வீணில்லை. மீன் குஞ்சுகளுக்கு அதுவே ஒளிவிடம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பீவர் என்ற பிராணி மரத்தைக் கடித்துச் சாய்த்து, ஓடையை மறித்துக் குளமே அமைத்துவிடுகிறது. இங்கே கரை கட்டியவன் மனிதன். மற்ற வேலையெல்லாம் மரமும் நீரும் பறவையும் பார்த்துக்கொள்கின்றன.

1977-இல் இது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் சேர்ந்தது. குஞ்சுகள் மிரளுமே என்று இவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு இது லேசான தியாகமா?

ஆனால், மரத்தை வெட்டி, கால்வாயை அடைத்துவிட்டால், இந்த மௌனம் மட்டும் பறவைகளை நிறுத்தி வைக்காது. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வழி திறந்திருக்கிறதா? ஒரு நடை போய்ப் பாருங்களேன்!