சிறுகதையின் உறுப்புகள்

சிறுகதைக்கு முதல் தேவை ஒருமை. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய கதை, வாசகரின் மனத்தில் ஒரே உணர்வை ஆழப் பதிக்க வேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். கரு, களம், மாந்தர், பின்னல், நோக்குநிலை, முடிவு என்று சொல்லப்படும் உறுப்புகள் எல்லாம் அந்த ஒருமைக்காக உழைப்பவை.

கரு என்பது கதை எதைப் பற்றியது என்பது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் கரு வறுமை. ஆனால் கதை அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கரிசல் கிராமத்து ஏழை வீடு ஒன்றின் பழைய கதவில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடுகிறார்கள். கிடைத்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக ஒரு நாள் கதவு கழற்றப்படுகிறது. அதையும் விளையாட்டு என்றெண்ணி ஊர்வலமாகப் பின்னாலேயே போகிறார்கள். பிறகு குளிர்காலம் வருகிறது. கதவில்லாத வீட்டுக்குள் வாடை புகுந்து கைக்குழந்தையைக் கொண்டுபோகிறது.

கரிசல் மண்ணும் வாடைக் காற்றும் இங்கே களம். அந்தக் குளிர் இல்லையென்றால் கதவு போனது வெறும் நஷ்டமாக நின்றிருக்கும். கதையை நகர்த்தும் வேலையைக் களமே செய்கிறது. மாந்தரைப் பற்றியும் நீண்ட வருணனை கிடையாது. பிள்ளைகளின் விளையாட்டிலிருந்தே அவர்களை அறிந்துகொள்கிறோம்.

பின்னல் என்பது நிகழ்ச்சிகளைக் காரண காரியத்தோடு கோப்பது. அதற்கு நிறைய சம்பவங்கள் வேண்டியதில்லை. கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’வில் ஒரு தந்தி, ஓர் இரவு ரயில் பயணம், அவ்வளவுதான். சென்னையில் ஆபத்தான நிலையில் கிடக்கும், பயணம் செய்பவளின் கணவர் பிழைப்பாரா என்ற ஒரே கேள்வி கதை முழுவதையும் இழுத்துப் பிடிக்கிறது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ மனைவியின் மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. முடிவு முன்பே தெரிந்துவிடுவதால், அவளுக்குக் கணவர் செய்யும் ஒவ்வொரு பணிவிடையும் கனக்கிறது. சம்பவங்களின் வரிசையை மாற்றினாலே கதை வேறாகிவிடும்.

யார் சொல்கிறார் என்பதைக் குறிப்பது நோக்குநிலை. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. அதில் கதை சொல்வது மரம். தன் நிழலுக்கு வந்தவர்களைக் கண்டும் கேட்டும் அறிந்ததையே அதனால் சொல்ல முடியும். அந்த எல்லைதான் கதையின் நாயகி ருக்மிணியின் துயரத்துக்குச் சாட்சியின் குரலைத் தருகிறது.

முடிவு என்றால் திடீர்த் திருப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கதவு’ கதையில் திருப்பம் எதுவும் இல்லை. சாவடிக்குப் பின்னால் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள், கதை நின்றுவிடுகிறது. எழுதிப் பழக விரும்புகிறவர்கள் இக்கதையை இருமுறை படிக்கலாம்: முதல் முறை கதைக்காக, மறுமுறை ஆசிரியர் எவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பார்ப்பதற்காக.