கடன் கொடுத்தவர் யார்?

மாதத்தின் முதல் வாரத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து வங்கிக் கிளைகளில் பாஸ் புத்தகமும் கையுமாகக் காத்து நிற்கும் ஓய்வூதியர்களைக் காண்போர், ஏதோ தயவு வேண்டி வந்த மனுதாரர்கள் என்றே அவர்களை எண்ணக்கூடும். சட்டத்தின் திருஷ்டியிலோ, கணக்கில் பணம் உள்ளவரையில் அவர்களே கடன் கொடுத்தவர்கள், வங்கிதான் கடனாளி.

புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியில் படித்தாலும் சரி, லண்டனில் படித்தாலும் சரி, வங்கிச் சட்டம் பயில்வோர் ஆதியில் அறிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இதுவே. ஃபோலி என்பவர் ஹில் என்ற வங்கியாளர்மீது தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர் செலுத்திய பணம் அக்கணமே வங்கியின் சொத்தாகிவிடுகிறது என்றும், கேட்டபோது அதற்கு ஈடான தொகையைத் தருவதே வங்கியின் கடமை என்றும் 1848-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்மானித்தது. 'என் பணம் பாங்கில் பத்திரமாக இருக்கிறது' என்று நாம் சொல்வதெல்லாம், ஆகவே, உபசார வார்த்தைதான்.

கடன் கொடுத்தவனுக்குரிய அபாயமும் இதனால் நம்மையே சேர்கிறது. 1906-இல் வங்கித் தொழில் நடத்திவந்த சென்னை அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, அதை நம்பியிருந்த எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு கரைந்தபோது இது ஊரறிந்த உண்மையாயிற்று, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் மறு ஆண்டே இந்தியன் வங்கி உதயமானதற்கு அந்த வீழ்ச்சியே காரணம். இந்த அபாயத்துக்கு ஓரளவு காப்பாக 1962-இல் 1,500 ரூபாய் வரம்போடு ஆரம்பித்த டெபாசிட் காப்பீட்டின் வரம்பு, 2020 முதல் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாயாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு வங்கி ஒன்றுக்கே ஒழிய, கிளை ஒன்றுக்கு அல்ல. ஒரே வங்கியின் சேலையூர்க் கிளையிலும் மேடவாக்கம் கிளையிலும் பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குபவர்களை நான் அறிவேன்.

கடனாளி, தனக்குக் கடன் கொடுத்தவரின் கட்டளையின்றி அவர் பணத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது எனக் கூற முடியுமோ? போலிக் கையெழுத்துக் காசோலை கட்டளையே ஆகாதாகையால், அந்தத் தொகையை வாடிக்கையாளரின் கணக்கில் கழிக்க வங்கிக்கு அதிகாரமில்லை என்று கனரா வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்நாளைய மின்னணு மோசடிக்கும் ரிசர்வ் வங்கி 2017-இல் ஒரு விதி வகுத்தது: வங்கியின் பிசகோ உங்கள் பிசகோ இன்றிப் பிறர் சூதினால் பணம் பறிபோயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் முறையிட்டால், நஷ்டம் உங்களைச் சேராது. ஆதலால், குறுஞ்செய்தி வந்த அன்றே புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.