முதல் நாளில் சேர்ந்தது 6 பேர்தான்... ஒபாமா அரசின் இணையதளம் திணறியது ஏன்? ஐடி ப்ராஜெக்ட்டின் 5 கட்டங்கள்

"இன்னைக்கு ரிலீஸ் இருக்கு, வர லேட்டாகும்." ஐடி வேலையில் ஆள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஓர் இணையதளமோ செயலியோ நம் கைக்கு வரும் முன் என்னென்ன கட்டங்களைத் தாண்டுகிறது? அதில் ஒன்றைச் சுருக்கினால் என்ன ஆகும்?

5 கட்டங்கள் என்னென்ன?

1. யோசனை: யாருடைய பிரச்னையைத் தீர்க்கப் போகிறோம்? எவ்வளவு செலவாகும்?
2. திட்டமிடல்: என்னென்ன வசதிகள் வேண்டும்? யார், எதை, எப்போது முடிப்பது?
3. உருவாக்கம்: டிசைன், கோடிங் வேலைகள்.
4. சோதனை: ஒவ்வொரு பகுதியையும் தனியாக, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து டெஸ்ட் செய்வது.
5. வெளியீடு: மக்கள் பயன்பாட்டுக்குத் திறப்பது, தொடர்ந்து பராமரிப்பது.

ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் 'அடுத்ததுக்குப் போகலாமா?' என்று கேட்க வேண்டும். 'இல்ல, இன்னும் ரெடி ஆகலை' என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஆன்லைனிலேயே காப்பீடு எடுக்க, 'ஹெல்த்கேர் டாட் கவ்' தளத்தை ஒபாமா அரசு உருவாக்கியது. திறப்பு நாள் 2013 அக்டோபர் 1. அன்று லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். தளம் திணறியது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தது வெறும் 6 பேரால்தான்! இரண்டாம் நாள் முடிவில் 248 பேர்.

எங்கே சறுக்கியது?

50-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் வேலை பார்த்தன. ஆனால், மொத்தத்தையும் ஒருங்கிணைக்கும் தெளிவான ஒரே தலைமை இல்லை. கணக்கு தொடங்கினால்தான் காப்பீட்டுத் திட்டங்களையே பார்க்க முடியும் என்று கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அந்த ஒரே வாசலில் எல்லோரும் சிக்கினார்கள்.

திறப்புத் தேதியை மட்டும் மாற்றவே இல்லை. மற்ற வேலைகள் இழுக்க இழுக்க, சோதனைக்கான நாட்கள்தான் கரைந்தன. எல்லா பகுதிகளையும் சேர்த்துச் செய்யும் முழுச் சோதனை கடைசி 2 வாரங்களில்தான் நடந்தது என ஒப்பந்த நிறுவனங்களே நாடாளுமன்றக் குழுவிடம் கூறின. அதற்குப் பல மாதங்கள் தேவைப்பட்டிருக்கும்.

எப்படி மீண்டது?

அக்டோபர் இறுதியில் மீட்புப் பொறுப்பு ஜெஃப் ஜயன்ட்ஸிடம் வந்தது. ஒருங்கிணைப்புக்கு ஒரே நிறுவனம், தினமும் ஆலோசனை, எதை முதலில் சரிசெய்வது என்ற பட்டியல் என வேலை நடந்தது. டிசம்பர் 1-ம் தேதிக்குள் 400-க்கும் அதிகமான கோளாறுகள் சரியாகின. ஒரே நேரத்தில் 50,000 பேர் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. மாநிலத் தளங்களையும் சேர்த்து, 2014 ஏப்ரலுக்குள் 80 லட்சம் பேர் பதிவு செய்தனர்.

இப்போது முறை மாறிவிட்டதா?

இன்று பல நிறுவனங்கள் 'அஜைல்' முறையைப் பின்பற்றுகின்றன. மொத்தத்தையும் ஒரே மூச்சில் முடிக்காமல், 2 வாரத்துக்கு ஒரு சின்ன பகுதியைத் திட்டமிட்டு, உருவாக்கி, சோதித்துவிடுவார்கள். சுற்றுகள்தான் சின்னதாகியிருக்கின்றன, சோதனை இல்லாத சுற்று கிடையாது.

கவனிக்க வேண்டியது என்ன?

தேதியை அறிவித்த பிறகு தாமதமானால், முதலில் கத்தரி விழுவது சோதனைக்குத்தான். தெரியாத கோளாறுகள் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை, காப்பீடு கிடைக்காமல் காத்திருக்கும் மக்கள் தலையில் விழும். தேதியைத் தள்ளிவைக்க முடியாதா? அப்போ, வசதிகளைக் குறைங்க... டெஸ்டிங்கைக் குறைக்காதீங்க!