விறகடுப்புக்கு விசிறி வேண்டுமா?

அடுப்படியில் குனிந்து ஊதுகுழலால் ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொள்ளும் பெண்மணியைக் கண்ட எவருக்கும், அவ்வேலையை ஒரு சிறு மின்விசிறியிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அதற்குக் காசு செலவழிக்குமுன், அடுப்பினுள் நடப்பது என்ன என்பதைச் சற்றே அறிந்துகொள்வது நலம்.

விறகு அப்படியே எரிந்துவிடுவதில்லை. உஷ்ணம் பட்டதும் அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆவியாகப் பிரிந்து மேலெழுகிறது. எஞ்சியது கரியாகி அடியில் கனல்கிறது. நாம் காணும் சுவாலை அந்த ஆவி எரிவதுதான். புகை என்பதோ எரியத் தவறிய ஆவி. அதாவது, விலை கொடுத்து வாங்கிய, அல்லது காத தூரம் சுமந்துவந்த விறகின் ஒரு பகுதி. ஒரு கிலோ உலர்ந்த விறகு முற்றும் எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். காற்று இருந்தால் மட்டும் போதாது. சூடு ஆறுவதற்குள் அது ஆவியோடு நன்கு கலக்கவும் வேண்டும். விசிறி செய்யக்கூடிய பேருதவி இந்தக் கலப்பே.

ஆகவே, காற்று எவ்விடத்தில் புகுகிறது என்பதே முதற் கேள்வி. விசிறியுடன் சேர்த்தே அமைக்கப்பட்ட அடுப்பில் காற்று இரண்டாகப் பிரிகிறது. சிறு பங்கு அடியில் சென்று விறகை ஆவியாக்குகிறது. பெரும் பங்கு மேற்புறத் துவாரங்களின் வழியே பீறிட்டு அந்த ஆவியை எரிக்கிறது. வீட்டிலுள்ள மண் அடுப்பின் வாயில் விசிறியை வைத்தாலோ, காற்று முழுவதும் தணலையே தாக்கும். நெருப்பு சீறும், பார்ப்பதற்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் விறகு விரைந்து தீரும். சாம்பல் பறந்து குழம்பில் விழும். சுவாலை பாத்திரத்தைத் தழுவாமல் ஓரமாய் ஓடிவிடும். புகைபோக்கி உள்ள அடுப்பில் தீங்கு இன்னும் அதிகம். புகைபோக்கி இழுப்பதைவிட விசிறி தள்ளுவது மிகுந்துவிட்டால், வெளியே போகவேண்டிய புகை பாத்திரத்தின் இடுக்குகளின் வழியே அறைக்குள் வரும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013-இல் வெளியிட்ட தரவிதி, இயல்பான காற்றோட்டத்தில் எரியும் அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீத வெப்பத்திறனும், விசிறி அடுப்புக்கு 35 சதவீதமும் வேண்டும் என்கிறது. பாத்திரத்தைச் சேரும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் முன்னதிலிருந்து 350 மில்லிகிராம் வரை நுண்துகள் வெளிவரலாம். பின்னதற்கு வரம்பு 150. வித்தியாசம் பெரிதுதான். ஆயினும் இவை ஆய்வுக்கூடத்தில், உலர்ந்து சீராக நறுக்கிய விறகைக் கொண்டு காணும் அளவுகள்.

வீட்டில் அப்படி நறுக்குபவர் யார்? பெரும்பாலும், ஊதுகுழல் பிடித்த அதே பெண்மணிதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து 2000-க்குப் பின் சந்தைக்கு வந்த ஒரு விசிறி அடுப்பு, வேளாண் கழிவை அழுத்திச் செய்த வில்லைகளால் எரிந்தது. அடுப்பு எத்துணைச் சிறந்ததாயினும், வில்லை வாராத ஊரில் அதனால் பயனில்லை.

மின்சாரத்தையும் எண்ணவேண்டும். சில வாட்டுகளே தேவை. ஆனால் சமையல் நடுவே விசிறி நின்றால், அதையே நம்பி அமைந்த அடுப்பு மண் அடுப்பைவிட மோசமாகப் புகையக்கூடும். மின்கலம் உண்டா என்று கடையிலேயே கேளுங்கள்.

எதையும் வாங்குமுன், ஒரு மாதம் விறகை மெல்லியதாய்ப் பிளந்து, நன்கு உலர்த்தி, அடியில் காற்றுப் புகும்படி சிறு இரும்புத் தட்டியின்மேல் வைத்து எரித்துப் பாருங்கள். அப்போதும் புகை குறையாவிடில், பழைய அடுப்புக்கு விசிறி தேடாமல், விசிறியோடு அமைந்த அடுப்பையே வாங்குங்கள். தணல் மட்டும் கனலும் வேளையில் புகை தெரியாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டே இருக்கும். சன்னலை அப்போதும் திறந்தே வையுங்கள்.